அப்புச்சி போட்ட கார் கணக்கு

ஏங்கண்ணு, கார் வாங்கறதுக்கு இந்தக் கெழவங்கிட்ட ரோசனை கேக்க வந்துருக்கறியே, கோயமுத்தூர்ல இருக்கற ஷோரூம்காரனெல்லாம் கடையைச் சாத்திட்டானா? அவங்கிட்டப் போனா ஏசியில உக்கார வெச்சு, காப்பி குடுத்து, நீ நெனைக்கறதையே உனக்குத் திருப்பிச் சொல்லுவான். இங்க மோரு வேணும்னா இருக்குது, குடிச்சுட்டுக் கட்டல்ல உக்காரு. போனை அக்கட்டால வெய்யி.

பெட்ரோலு வேண்டாங்கறே. லிட்டரு 100 ரூபாயத் தாண்டிப் போச்சு, இனிமே எல்லாம் கரண்டு, கேஸு, எத்தனாலு, ஹைட்ரஜன்னு அடுக்கறே. கேக்க நெம்ப நல்லாத்தான் இருக்குது. ஆனா அப்புனு, பெட்ரோலுக்குக் கருமாதித் தேதி குறிச்சவங்களை நான் நெறயாப் பாத்தாச்சு. அதுல பாதிப் பேருக்குக் கருமாதிச் சோறும் தின்னாச்சு. பெட்ரோல் பங்க்ல இன்னைக்கும் கூட்டம் கொறையல.

எங்கய்யன் சொல்லுவாரு, ரெண்டாம் உலக யுத்தத்துல பெட்ரோலுக்கு ரேஷன் போட்டாங்களாம். பஸ்ஸுக்குப் பொறகால ஆளு உசரத்துக்கு ஒரு இரும்பு உருளையை மாட்டி, அதுக்குள்ள அடுப்புக்கரியைக் கொட்டித் தீ வெச்சு, கிளீனர் பையன் கைச்சக்கரத்தைச் சுத்தோ சுத்துன்னு சுத்துவானாம். மூஞ்சியெல்லாம் கரி. கரிவாயு கெளம்பி இஞ்சினுக்குப் போனாத்தான் வண்டி கெளம்பும். மதுரை டி.வி.எஸ். கம்பெனியே அந்த எந்திரத்தைச் செஞ்சு வித்துச்சு. மேடு வந்தா டிக்கெட்டு வாங்குனவங்க அத்தனை பேரும் எறங்கித் தள்ளோணும். காசும் குடுத்துத் தள்ளவும் செய்யோணுமான்னு ஒருத்தனும் கேக்கல. கேட்டா வேற பஸ்ஸு ஏது? யுத்தம் முடிஞ்சு பெட்ரோலு தாராளமா வந்ததும் அந்த உருளையெல்லாம் பழைய இரும்புக்காரன் கைக்குப் போயிருச்சு. பெட்ரோலு இல்லாத காலத்துல எதை ஊத்தினாலும் வண்டி ஓட்டலாம். முக்குக்கு முக்கு பங்க் இருக்கறப்போ இன்னொரு சரக்கு அது பக்கத்துல நின்னு காட்டோணும் பாரு, அங்கதான் சங்கதி.

1996ல ராஜபாளையம் பக்கமிருந்து ராமர் பிள்ளைன்னு ஒருத்தரு கெளம்புனாரு. தண்ணியில மூலிகையைப் போட்டுக் காச்சினா பெட்ரோலுன்னாரு. டெல்லி வரைக்கும் போயிக் காட்டுனாரு. அப்ப நம்ம பேக்கரியில டீ குடிக்க வந்தவனெல்லாம் வேலியோரத்துல செடி பொறுக்கிட்டுத் திரிஞ்சானுங்க. கடைசியில சிபிஐ கேஸாகி, 2016ல சென்னைக் கோர்ட்டு மூணு வருசம் தண்டனை போட்டுச்சு. பெட்ரோலியச் சரக்கையே கலந்து மூலிகைன்னு வித்ததா வழக்கு. பெட்ரோலுக்கு மாத்துப் பெட்ரோலேதான்னு அந்த மனுசன் அப்பவே கண்டுபுடிச்சுட்டாரு, நாமதான் புரிஞ்சுக்கல.

அப்பறம் காட்டாமணக்கு. 2003ல திட்டக் குழு சொல்லுச்சு, 2009ல கொள்கையே போட்டாங்க, 2017க்குள்ள நூத்துக்கு 20 பங்கு கலந்துருவோம்னு. வெளங்காத நெலத்துலயும் வெளையும்னாங்க. வெளங்காத நெலத்துல வெளங்காமத்தான் வெளஞ்சுது. ஆடு மாடு வாயே வெக்காதுன்னு அதை ஒரு பெருமையாச் சொன்னாங்க. ஆடே வேண்டாங்கற செடியை மனுசன் எதுக்கு நடறதுன்னு ஒருத்தனாவது ரோசிச்சானா? காய் ஒண்ணு இன்னைக்குப் பழுக்கும், ஒண்ணு அடுத்த வாரம் பழுக்கும். ஆளு உட்டுப் பொறுக்கினா எண்ணெய் வித்த காசு கூலிக்கே பத்தாது. அதை உடு.

இப்ப நடக்கற சங்கதிக்கு வா. உங்கப்பன் காருக்குப் பங்க்ல போடறாங்க பாரு பெட்ரோலு, அதுல அஞ்சுல ஒரு பங்கு எத்தனாலு. 2014ல நூத்துக்கு ஒண்ணரைதான் இருந்துச்சு. 2022ல பத்தாச்சு, 2025ல இருவதாச்சு. 2030ல முடிக்கறதா இருந்த காரியம் அஞ்சு வருசம் முன்னாலயே முடிஞ்சுருச்சு. கவர்மென்டு வேலை நேரத்துக்கு முன்னால முடிஞ்சுதுன்னா நான் கொஞ்சம் சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துக்குவேன்.

தொட்டும் பாத்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கற தெம்புல மூணுல ரெண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்குது. அப்ப நூத்துக்கு இருவது கலந்தா ஆறேழு பங்கு தெம்பு போச்சு. நான் சொல்லல, நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே இருக்குது, பழைய அமைப்புல வந்த காருக்கு ஆறேழு சதவீதம் மைலேஜ் கொறையும், இதுக்குன்னே செஞ்ச காருக்கு ஒண்ணு ரெண்டுதான்னு. சரி, மைலேஜ் கொறைஞ்சா வெலை கொறைஞ்சுதா? பால்காரன் ஒரு சொம்பு தண்ணி எச்சா ஊத்தினா உங்கம்மா தெருவுல நின்னு சண்டை கட்டுவா. பங்க்காரங்கிட்ட ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்ல.

வெலை ஏன் கொறையலங்கறது இன்னும் வேடிக்கை. வரியெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா 2025ல பெட்ரோலு லிட்டரு 55 ரூபாய்ச் சுமாரு. எண்ணெய்க் கம்பெனி எத்தனாலு வாங்கறது சராசரியா 71 ரூபாய்க்கு. தெம்பு கம்மி, வெலை எச்சு. அப்பறம் எதுக்குக் கலக்கறாங்க? கச்சா எண்ணெய்ல நூத்துக்கு 85க்கு மேல கப்பல்ல வருது, அதுக்கு டாலர் குடுக்கோணும். அந்த டாலர் கொஞ்சம் மிச்சம். அந்தக் காசு நம்மூரு ஆலைக்கும் வெவசாயிக்கும் போகட்டும்ங்கறாங்க. அது நாயமான பேச்சுதான். நாட்டுக்குக் கட்டுபடியாகற ஒண்ணு உனக்கும் கட்டுபடியாகும்னு மட்டும் நெனச்சுக்காதே. ரெண்டும் வேற வேற கல்லாப்பெட்டி.

அதுலயும் நான் எந்தப் பக்கம்னு பாத்துக்க. உடுமலைச் சுத்துல மக்காச்சோளம் போடற ஆளு நானு. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டரு 71 ரூபாய் 86 காசுன்னு வெலை வெச்சாங்க. ஒரு டன்னு சோளத்துல 380 லிட்டரு சுமாருக்கு எடுக்கலாம். அப்பறம் யாவாரி களத்துக்கே தேடி வராம என்ன செய்வான்? முன்னெல்லாம் ஈரப்பதம் பாக்கறேன்னு கையை மூட்டைக்குள்ள உட்டு, ரெண்டு சோளத்தைப் பல்லுல கடிச்சு, மூஞ்சியச் சுளிச்சு, குவிண்டாலுக்கு நூறு கொறைப்பான். இப்பக் கடிக்கறதுமில்ல, சுளிக்கறதுமில்ல. நீங்க பங்க்ல குடுக்கற காசுல கொஞ்சம் என்ற மடியில விழுகுது சாமி, நல்லா ஓட்டுங்க.

ஆனா பல்லடத்துல கறிக்கோழிப் பண்ணை வெச்சிருக்கற உங்க பெரிய மாமன்கிட்ட எத்தனாலுன்னு சொல்லிப் பாரு, கட்டையத் தூக்கிட்டு வருவான். கோழித் தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம். வெளிநாட்டுக்கு வித்துட்டு இருந்த நாடு 2024ல வாங்கற நாடாப் போச்சு. கோழி திங்கறதைக் காரும் குடிக்க ஆரம்பிச்சா கோழி வெலை என்னாகும்? பங்க்ல மிச்சம் புடிச்சேன்னு நீ நெனைக்கற காசை பிரியாணிக் கடையில கட்டிட்டு வருவே. கரும்புல எடுத்தா மட்டும் என்ன? ஒரு லிட்டருக்கு 2,860 லிட்டரு தண்ணி ஆகும்னு அதே நிதி ஆயோக் எழுதி வெச்சிருக்குது. இங்க பி.ஏ.பி. வாய்க்கால்ல நம்ம மண்டலத்துக்கு எப்பத் தண்ணி உடுவாங்கன்னு மடைக்கும் ஊட்டுக்கும் நடந்து என்ற செருப்புத் தேஞ்சு கெடக்குது.

எத்தனாலுக்குப் பெரிய அண்ணன் பிரேசில்காரன். 1975லயே ஆரம்பிச்சான். எம்பதுகள்ல அங்க வித்த புதுக் கார்ல பத்துல ஒம்பது வெறும் எத்தனாலு காரு. அப்பறம் என்னாச்சு? உலகத்துல கச்சா எண்ணெய் வெலை எறங்குச்சு, சக்கரை வெலை ஏறுச்சு. ஆலைக்காரன் எதைக் காச்சுவான்? சக்கரையைத்தான். எத்தனாலு காரு வாங்குனவன் பங்க்ல வரிசையில நின்னான். 2003லதான் ரெண்டையும் குடிக்கற காரு வந்துச்சு. இப்ப அங்க சின்னப் பையனுக்கும் ஒரு கணக்குத் தெரியும். பெட்ரோல் வெலையில நூத்துக்கு எழுவதுக்குக் கீழ எத்தனாலு இருந்தா அதைப் போடு, மேல போனா பெட்ரோலைப் போடு. லிட்டர் வெலையப் பாக்காதே, ஓடற தூரத்தைப் பாருங்கறதுதான் அந்தக் கணக்கு. நம்ம பங்க்ல அந்த ரெண்டு கொழாயும் தனித்தனியா இல்ல, கலந்தேதான் ஊத்துவாங்க. உனக்கு ரோசிக்கற செரமம் கூட வெக்கல பாரு, என்ன கரிசனம்.

அத்தனை தூரம் எதுக்குப் போறே? உங்க சின்ன மாமன் டீசல் காரு வாங்குன கதை தெரியுமா? 2012ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல வித்தியாசம். டீசலுக்கு மானியம் குடுத்தது லாரிக்கும் டிராக்டருக்கும். காருக்காரன் அதைப் பாத்துட்டான். ஊர்ல இருக்கறவனெல்லாம் லட்ச ரூபாய் எச்சாக் குடுத்து டீசல் காரு வாங்கி, பக்கத்தூட்டுப் பெட்ரோல் காரனைப் பாவமாப் பாத்தான். சின்ன மாமன் நடையே மாறிப் போச்சு. 2014 அக்டோபர்ல டீசல் வெலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. இன்னைக்கு ரெண்டுக்கும் எட்டு ஒம்பது ரூபாய்தான் வித்தியாசம். 2020ல மாருதி கம்பெனி டீசல் காரே போடறதில்லைன்னு நிறுத்திருச்சு. மாமன் காரு தொண்டுப்பட்டி ஓரமா நிக்குது, கோழி அடையறதுக்குத் தோதா இருக்குது. வண்டியக் கொறை சொல்லாதே, நல்ல வண்டி. அவன் கணக்குப் போட்டது வண்டியை வெச்சு இல்ல, அந்த 25 ரூபாயை வெச்சு. அந்த 25 ரூபாய் அவனுதில்ல.

சிஎன்ஜியும் அப்படித்தான். டெல்லியில 1998ல சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவுல பஸ்ஸெல்லாம் கேஸுக்கு மாறுச்சு, பொகை கொறைஞ்சுது, அது நல்ல காரியம். காருக்காரனும் பொறகாலயே வந்தான். 2021 ஆரம்பத்துல டெல்லியில கிலோ 43 ரூபாய். 2022 கடைசியில 79. ஏன்னா கேஸ்லயும் பாதி கப்பல்லதான் வருது. உக்ரைன்ல குண்டு விழுந்தா டெல்லி ஆட்டோ மீட்டர் துள்ளுது. இன்னைக்கும் பெட்ரோலை விடச் சல்லிசுதான், இல்லீங்கல. டிக்கியில பாதியை சிலிண்டர் புடிச்சுக்கும். உங்கம்மா இங்கிருந்து தேங்காமூட்டையும் அரிசிமூட்டையும் ஏத்தாமப் போவாளான்னு அவகிட்டக் கேட்டுட்டு வாங்கு.

ஹைட்ரஜனா? ஒரு கிலோ பிரிச்செடுக்க 50 யூனிட்டுக்கு மேல கரண்டு வேணும். அந்தக் கிலோவுல காரு 100 கிலோமீட்டர்ச் சொச்சம் போகும். அதே 50 யூனிட்டை நேரா பேட்டரியில ஏத்துனா 350 போகும். மந்திரி கட்கரி 2022ல அதுல பார்லிமென்டுக்குப் போனாரு, போட்டோ நல்லா வந்துச்சு. நீ பார்லிமென்டுக்குப் போறப்ப வாங்கிக்க.

இப்ப உன்ற ஆசை நாயகிக்கு வருவோம். கரண்டு காரு. மூஞ்சி மலருது பாரு. நானே ஒத்துக்கறேன், ஓட்டச் செலவுல அதுகிட்ட ஒண்ணும் நிக்காது. பெட்ரோல் காரு லிட்டருக்கு 16 கிலோமீட்டர்னு வெய்யி, கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய். கரண்டு காரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர். யூனிட் என்ன வெலைன்னு கேட்டா உனக்குத் தெரியாது, ஏன்னா பில்லு கட்டறது உங்கப்பன். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 வரைக்கும் ஒரு மாதிரி. 500ஐத் தாண்டிட்டா கீழ் அடுக்குல குடுத்த சலுகையும் போயிரும், மேல ஏறற யூனிட்டுக்கு எட்டரையும் ஒம்பதரையும் போடுவான். உங்க ஊட்டுல ஏசி ஓடறதுக்கே 400ஐத் தாண்டுது, காரு ஏறுனா 500 காலி. அதெல்லாம் சேத்துக் கிலோமீட்டருக்கு ஒண்ணரை ரூபாய்னு தாராளமா வெச்சுக்குவோம். மிச்சம் நாலே முக்கால் ரூபாய். எடுத்தவொடனே கைதட்டாதே.

நீ சொன்ன ரெண்டு காருக்கும் வெலையில 4 லட்சம் வித்தியாசம். வகுத்துப் பாரு, 84,000 கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் போட்ட காசு வரும். நீ எவ்வளவு ஓட்டுவே? ஆபீஸ் வேலையப் பாதி நாளு ஊட்டுல கால்சட்டையோட பாக்கறே. மாசம் ரெண்டு தடவை இங்க வருவே, அதுவும் உங்கம்மா வெரட்டுனா. வருசத்துக்கு 6,000 கிலோமீட்டர் தேறுமா? அப்ப 14 வருசம். ராமர் காட்டுக்குப் போயிட்டே திரும்பி வந்துருவாரு, உன்ற முதலு வராது. பேட்டரிக்கு வாரண்டி எத்தனை வருசம்னு சொன்னான், எட்டா? பொறகு ஆறு வருசம் முருகன் வாரண்டி.

இன்னொண்ணு இருக்குது, அதை உங்கிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு பாத்தேன். அந்த 4 லட்சத்தை பேங்க்ல ஏழு சதவீதத்துக்குப் போட்டா வருசம் 28,000 வட்டி. கரண்டு காருல நீ வருசத்துக்கு மிச்சம் புடிக்கறது 28,500. அந்த ஐந்நூறு ரூபாய்க்குத்தானா இத்தனை புரட்சி?

ஆனா நம்ம பொள்ளாச்சி ரோட்டு டாக்சிக்காரன் ஒருத்தன், ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டறான். அவனுக்கு அதே 84,000 பதினாலே மாசம். உனக்குப் பதினாலு வருசம், அவனுக்குப் பதினாலு மாசம். காரு ஒண்ணு, கரண்டு ஒண்ணு. அவன் வாங்கினா நான் மாலை போடுவேன். அதனால கரண்டு காரு கட்டுபடியாகுமான்னு எங்கிட்டக் கேக்காதே. உன்ற மீட்டர்கிட்டக் கேளு.

கண்ணு எங்க போகுது? மோட்டார் ரூம் பக்கமா? நெனச்சேன். தோட்டத்து சர்வீஸ் இலவசக் கரண்டு, மும்முனை வேற, ஒயரைப் போட்டா ரவைக்கு ரவை நெறஞ்சுரும்னு பாக்கறே. ஈபி பறக்கும் படைக்காரன் வந்தான்னா உன்ற காருக்கும் பூட்டு, என்ற கெணத்துக்கும் பூட்டு. தென்னை காஞ்சா நீ வந்து தண்ணி எடுத்து ஊத்துவியா?

இப்பச் சொல்றதைக் காதுல நல்லா வாங்கிக்க. நீ பெட்ரோலுக்குக் குடுக்கற 100 ரூபாயில 40க்கு மேல வரி. 2025 கணக்குல சென்ட்ரல் 21 ரூபாய் 90 காசு எடுத்துக்குது, ஸ்டேட்டு நூத்துக்கு 13ம் அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் எடுத்துக்குது. பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி சின்னதுக்கே 18, கரண்டு காருக்கு 5. பெட்ரோல் காருக்கு ரோடு டாக்ஸ் பத்துக்கு மேல, கரண்டு காருக்கு இப்போதைக்கு சுன்னம். இத்தனை பாரத்தையும் பெட்ரோல் தலையில ஏத்தி, இத்தனை சலுகையையும் கரண்டு மடியில கட்டியும் உனக்குப் பதினாலு வருசம் ஆகுது. நாளைக்கு ஊரு முச்சூடும் பெட்ரோலை உட்டுட்டா அந்த 40 ரூபாயை கவர்மென்டு யாருகிட்ட வாங்கும்? ரேஷன் அரிசி எதுல போடும், ரோடு எதுல போடும்? உன்னைத் தேடித்தான் வருவான். நியூசிலாந்துல 2024 ஏப்ரல்ல இருந்து கரண்டு காருக்கு ஓடற கிலோமீட்டருக்கே கட்டணம் போட்டுட்டான். பெட்ரோல் குடிக்காத வண்டி ரோட்டையும் தொடாம போகுதா என்னங்கறான், கேக்கறது சரிதானே? சல்லிசா இருக்கறது கரண்டு பாதி, வரி இல்லாதது பாதி. அந்த ரெண்டாவது பாதி உன்ற சின்ன மாமன் புடிச்சுட்டு இருந்த 25 ரூபாய்.

பொகை கொறையும்ங்கறியா? கொறையும். கோயமுத்தூர் காந்திபுரத்துல ஒரு பொழுது நின்னா எனக்கே மூச்சு அடைக்குது. அதுக்காக வாங்கறேன்னா வாங்கு, நான் குறுக்க நிக்கல. அது தருமக் கணக்கு, அதுல லாபம் பாக்கக் கூடாது. பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால சத்தமில்லாம வந்து எறங்கோணும்னா அதுக்கும் வாங்கு, அது கல்யாணச் செலவு, அதுலயும் லாபம் பாக்கறதில்ல. "மிச்சம் புடிக்கறதுக்காக வாங்கறேனுங்கப்புச்சி"ன்னு மட்டும் இந்தக் கட்டல்ல உக்காந்து சொல்லாதே.

மூஞ்சி தொங்கிப் போச்சே. இப்போதைக்கு உங்கப்பன் காரையே நாலு வருசம் ஓட்டு, பேட்டரி வெலையும் எறங்கட்டும், வரிக்காரன் என்ன பண்றான்னும் பாப்போம். எந்திரி, உடுமலை மண்டிக்குச் சோளம் சாம்பிள் கொண்டு போகோணும், என்னைக் கொண்டு போயி எறக்கி உடு. போற வழியில பங்க்ல நிறுத்தி டேங்க்கை நெப்பு. கஞ்சத்தனம் பண்ணாதே, அஞ்சுல ஒரு பங்கு நம்ம சரக்கு.